ஒட்டாத கல்லை ஒட்டவைத்த தார் அக்காவுக்கு

கருங்கல்லோடு கருந்தாரைக் கட்டிவைக்கக் காலமெல்லாம் பாடுபட்ட கருமமே கண்ணானவரே! சாலை ஆய்வுக்கூடத்தின் சலியாத சுடரே! தலைமை ஆய்வாளர் அம்மையீர்! நேற்றுவரை ‘தார் அக்கா’ என்றே கூப்பிட்ட வாய்கள் இன்று பணிநிறைவு விழா மேடைக்காக இப்படியெல்லாம் அழைக்கின்றன, பொறுத்தருள்க!

நம் மலைக்கல் அமிலத்தன்மை கொண்ட கல். தாரும் தண்ணீரும் வந்து நின்றால் தண்ணீரின் கையைத்தான் பிடிக்கும். முதல் மழையிலேயே தார் கழன்று ஜல்லி தனியே உருளும். நம் தலையெழுத்து என்று நாங்கள் நாளைக் கடத்தியபோது, “கல்ல மாத்த முடியாது, தார மாத்தலாம்ல?” என்று கேட்டவர் நீங்கள். தாரில் பாலிமரைப் பதமாய்க் கலந்து, அதைப் பூசிய கல்லைக் கொதிநீரில் போட்டுப் போட்டுப் பார்த்தீர்கள். ஆய்வுக்கூடப் பாத்திரம் ஓட்டையானதும் வீட்டுப் பால் பாத்திரம் வந்தது. “இனிமே எனக்குக் கடுங்காப்பிதான்” என்று, இதோ முன்வரிசையில் இருக்கும் உங்கள் கணவர் சொன்னதை மறப்போமா! ஒருநாள் கொதித்த கல் தார் கழலாமல் கருப்பாகவே வெளியே வந்தது. நீங்கள் அழுதீர்கள், நாங்களும் அழுதோம்.

அந்தக் கலவையை மருத்துவமனைச் சாலை வளைவில் போட்டோம். மழைக்காலம் முழுவதும் ஒரு ஜல்லி பெயரவில்லை. ஐயகோ! ஒப்புதல் தரும் குழு வருவதற்குச் சற்று முன்னால் குழாய் பதிக்க வந்தவர்கள் அதன் நடுவே தோண்டி, பழைய கலவையால் மூடிப் போனார்கள். அடுத்த மழையில் அந்த ஒட்டு பிய்ந்தது. குழு வந்து நின்றதும் குனிந்ததும் அந்த ஒட்டின் மேல்தான்! “ஐயா, அது எங்களோடது இல்ல, ரெண்டடி தள்ளி வந்து பாருங்க” என்று நீங்கள் நனைந்தபடி கெஞ்சினீர்கள். “மழை வலுக்குதும்மா, வண்டில ஏறுங்க” என்றார் தலைவர். தாங்கவில்லை என்று தீர்ப்பு வந்தது. மறுபடி பார்க்கச் சொல்லி நாம் ஏறாத படியில்லை. நேற்று அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

பொறுமையின் பொற்குன்றே! அந்தப் பொறுமைக்குத்தான் என்ன பலன்? உங்கள் இடத்துக்கு ஆள் வரப்போவதில்லை. உங்கள் அறையில் உடைந்த நாற்காலிகளை அடுக்கப்போகிறார்களாம். ‘உங்கள் பணியை நாங்கள் தொடர்வோம்’ என்று இவ்விடத்தில் எழுதுவது முறை. எழுதக் கை வரவில்லை, அக்கா. பொய் சொன்னால் எங்களையும் கொதிநீரில் போட்டுப் பார்ப்பீர்கள்.

நோயின்றி நொடியின்றி, நும் துணைவரோடு பால் கலந்த காப்பி பருகிப் பல்லாண்டு வாழ்க! இம்மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தருகிறோம். போகும் வழியெல்லாம் பள்ளம். மடியில் வைத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை வளைவு வந்ததும் வண்டியை ரெண்டடி தள்ளி ஓட்டச் சொல்லுங்கள். அங்கே மட்டும் ஆடாது.

இங்ஙனம்,
உங்களை வழியனுப்ப மனமில்லாத
ஆய்வுக்கூடத்தார்