ஷாக் அடிக்காத பேனல்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறிக்குக் கண்டென்சர் போய்விட்டது, ஐயா. அதனால்தான் இப்படிச் சோம்பலாகச் சுற்றுகிறது. மாற்ற வருகிறவரை மெயினை அணைத்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

என் பெயர் ரகுபதி. வீடு மயிலாப்பூர்; அடையாறில் ஒரு பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் துறை ஆசிரியர். எங்கள் கல்லூரிக்கு விஆர் லேப் வந்ததே என்னால்தான். ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் மாணவர்களுக்குப் பெரிய மின்பேனல் ஒன்றின் முன்னால் நிற்பது போலவே இருக்கும்; எல்லாம் படம்தான். கதவைத் திறந்து, ஒயரைக் கழற்றிப் பழுது பார்க்கலாம். கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் தொட்டால் பளிச்சென்று வெளிச்சம் அடித்து, பாடம் முதலிலிருந்து தொடங்கும். அதுதான் தொல்லை. பாதி வகுப்பு முதல் படியையே தாண்டவில்லை. பெருங்குடியில் அதைச் செய்துகொடுத்த கம்பெனிக்காரர்களிடம் சொல்லி அந்த ஷாக்கை எடுத்துவிட்டேன். மறுவாரமே எல்லோரும் தேறினார்கள். முதல்வர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். எல்லாத் துறைக்கும் விஆர் லேப், அதற்கெல்லாம் நான் தலைவர் என்று பேச்சு அடிபட்டது. காலமெல்லாம் சாக்பீஸ் தூள் தின்றவனுக்கு அது எவ்வளவு பெரிது என்று உங்களுக்குச் சொன்னால் புரியுமோ என்னவோ.

ஜான்சி மட்டும் மசியவில்லை. ஊரூர் குப்பத்துப் பெண். அம்மா மீன் விற்கிறார். நல்ல மாணவி, அதை மறைக்க முடியாது. ஒருநாள் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வகுப்பு நடுவிலேயே கேட்டாள்.

"இதுல யாருமே டெஸ்டர் வெச்சிப் பாக்கறதில்ல, சார். இதே பழக்கத்துல நெஜப் பேனல்ல கைய வெச்சா இன்னா ஆவும்? எங்க மாமா கரண்ட் கம்பத்தத் தொட்டுத்தான் பூட்டாரு."

பிறகு பார்க்கலாம் என்றேன். அவள் விடவில்லை. வெள்ளிக்கிழமை நிர்வாகத்தினர் லேப்பைப் பார்க்க வரும்போது அவர்களிடமே சொல்லப் போவதாகச் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அந்தத் தலைவர் பதவி கைநழுவுவது தெரிந்தது.

வியாழக்கிழமை மாலை அவளை மட்டும் வரச் சொன்னேன். உண்மையான பேனலில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு அப்புறம் பேசம்மா என்றேன். நியாயமான பேச்சுதானே? சந்தோஷமாக வந்தாள்.

மெயின் சுவிட்ச் அடுத்த அறையில் இருக்கிறது. லேப் உதவியாளர் ஷரஃபுதீன் அதை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அவர் போனதும் நான் போட்டேன். கரண்ட் இருந்தால் பேனலின் மேல் எரியும் சிவப்பு விளக்கைக் கழற்றியிருந்தேன். பாதுகாப்புக்காகத் தரையில் கிடக்கும் ரப்பர் பாயைக் கழுவுவதற்காக வெளியே எடுத்துப் போட்டிருந்தேன். அது அழுக்காகத்தான் இருந்தது.

என் எண்ணம் இதுதான். ஹெட்செட்டில் பழகிய கை தானாகவே நீளும், லேசாக ஒரு ஷாக் அடிக்கும். தானே கவனக்குறைவாக இருந்தவள் பிறகு என்னை எப்படிக் குறை சொல்வாள்? லேசாக என்று சொல்கிறேன். அந்தப் பேனலில் எவ்வளவு வோல்டேஜ் ஓடும், அது மனித உடம்பை என்ன செய்யும் என்பதைப் பாடமாக நடத்துகிறவன் நான்.

பார்க்காமல் தொட்டுவிட்டாள் என்றுதான் அவள் அம்மா லூர்துமேரியிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

ஆனால் ஜான்சி அப்படித் தொடவில்லை. என் கணக்கு அந்த ஒரு இடத்தில் தப்பிவிட்டது. பேனலைத் திறந்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கருவித் தட்டைக் கிளறிப் பார்த்தாள்.

"டெஸ்டரக் காணோமே, சார்."

அது என் சட்டைப் பையில் இருந்தது.

"லைன் ஆஃப்ல தான கீது?"

ஆமாம் என்று தலையசைத்தேன். அதன் பிறகுதான் தொட்டாள்.

அவளிடம் வாயைத் திறந்து நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, ஐயா.