முழு மார்க் வாங்கிய 'பாக்கலாமுங்க'

சூலூர் பேருந்தில் என் முன் இருக்கையில் மில் சூப்பர்வைசர்கள் இருவர்.

"கம்ப்யூட்டரை நைட் ஷிப்டுக்குச் சம்மதிக்க வெச்சுப்போட்டேனுங்க" என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

"ஏனுங்க, கம்ப்யூட்டருக்கு ஏது ஷிப்ட்?"

"ட்ரெயினிங்குங்க. ஏஐ ஒரு தொழிலாளி மாதிரி பேசும். ஷிப்ட் மாறுதுன்னு நாம பக்குவமாச் சொல்லோணும். கடைசில 'பாக்கலாமுங்க'ன்னுச்சு. அதைச் சம்மதம்னு எடுத்து எனக்கு முழு மார்க் போட்டுச்சு."

"நெச ஆளுங்ககிட்டச் சொன்னீங்களா?"

"அவங்களும் 'பாக்கலாமுங்க'ன்னாங்க. ஒருத்தரும் ஷிப்டுக்கு வரலைங்க."

"நம்மூர்ல பாக்கலாமுங்கன்னா வரமாட்டேன்னுதானுங்களே. கம்ப்யூட்டருக்குத் தெரியாது, உங்களுக்குமா தெரியலை?"



"மேனேஜர் மறுபடியும் ட்ரெயினிங் போகச் சொல்றாருங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாக்கலாமுங்கன்னு சொல்லிப்போட்டேன்."