ராசா திரும்பி வாற அத்தியாயம்

ஞானம்பிகை: இந்தப் புத்தகத்தையோ அக்கா தினமும் வாசிக்கிறது? தூக்கவே கை நோகுது.

செலஸ்ரீனா: ஓம். பின்னேரம் கோப்பி குடுத்த கையோட. இந்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவி, சிஞ்ஞோறாவுக்குக் கண்தான் தெரியாது, காது நல்லாக் கேக்கும்.

ஞானம்பிகை: என்ன கதை?

செலஸ்ரீனா: அவவின்ர பாட்டனார் எழுதினது. நூறு வருஷத்துக்குப் பிறகு ராசாவைக் கலைச்சுப்போட்டால் ஊர் எப்பிடிக் கிடக்கும் எண்டு... விளக்கு இல்லை. கோயில் மணியெல்லாம் உருக்கிப்போடுவினம். சனத்துக்குப் பேரும் இல்லை, நம்பர்தான்.

ஞானம்பிகை: தண்ணி?

செலஸ்ரீனா: என்ன தண்ணி?

ஞானம்பிகை: நூறு வருஷம் முடிஞ்சுதே! நாங்கள் இருக்கிற அல்பெர்கேரியாப் பகுதி வீட்டிலை குழாயைத் திறந்தால் காத்துத்தான் வருது. மனுசன் சரியாத்தான் எழுதியிருக்கிறார்.

செலஸ்ரீனா: பகிடி விடாதை. நான் பிள்ளைப்பேறுக்குப் போனால் நீதான் வாசிக்கோணும். கடைசி அத்தியாயத்தை மட்டும்... உள்ளபடி வாசிச்சிடாதை.

ஞானம்பிகை: ஏன்?

செலஸ்ரீனா: அதிலைதான் திரும்பி வர வெளிக்கிட்ட ராசா செத்து விழுறார். ஒரே இரவிலை முழு ஊரும் பாலத்தாலை வெளிக்கிடும். மழை. கிழடுகளை வழியிலை விட்டிட்டு... வேண்டாம். அவவின்ர நெஞ்சு தாங்காது.

ஞானம்பிகை: அப்ப நீங்கள் என்ன வாசிக்கிறனீங்கள்?

செலஸ்ரீனா: ராசா திரும்பி வாறார். சனமும் வருது. வீடுவீடா அடுப்பு மூட்டுது.

ஞானம்பிகை: புத்தகத்தைப் பாத்துக்கொண்டே பொய்யோ!

செலஸ்ரீனா: இடைக்கிடை பக்கத்தைத் திருப்பு. அந்தச் சத்தம் கேக்கோணும்.

ஞானம்பிகை: சொந்தப் பாட்டன் எழுதினது அவவுக்குத் தெரியாதோ?

செலஸ்ரீனா: சின்னனிலை கேட்டது, மறந்திருப்பா. ஒருநாளும் ஒண்டும் கேட்டதில்லை. வாசிச்சு முடிய என்ர கையைத் தடவுவா. அவ்வளவுதான்... என்னடி, புத்தகத்தை மூடுறாய்?

ஞானம்பிகை: அக்கா... உங்கட அம்மாவைப் பற்றி ஏதும் செய்தி?

செலஸ்ரீனா: போன வருஷம் யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் வெளிக்கிடேக்கை, நாவற்குழிப் பாலம் வரைக்கும் சனத்தோட வந்தவவாம். அதுக்குப் பிறகு கண்ட ஆளில்லை... ஏன் இப்ப அதைக் கேக்கிறாய்?

ஞானம்பிகை: நேற்று நீங்கள் மருந்துக்கடைக்குப் போகேக்கை, சிஞ்ஞோறா அந்தக் கடைசி அத்தியாயத்தை மனப்பாடமாச் சொன்னவ அக்கா. பாலம், மழை, எல்லாம் நீங்கள் இப்ப சொன்னபடியே... ஒரு இடத்திலும் தடக்கேல்லை. நேற்று அது என்ன கதையெண்டே எனக்கு விளங்கேல்லை. சொல்லிப்போட்டு என்ர கையைப் பிடிச்சவ. “செலஸ்ரீனாவுக்கு முன்னாலை இதை வாசிச்சிடாதை. அவளின்ர தாய் வருமட்டும் என்ர ராசா திரும்பி வந்துகொண்டிருக்கட்டும்” எண்டவ.