தோய்க்காத நைட்டி

பொம்மசந்திரா பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரே கம்பெனிச் சட்டையில் இரண்டு பேர். மீசைக்காரர் சொன்னார்:

“ஒரு வாரமா வூட்ல பொண்டாட்டி நைட்டியத்தான் போட்டுனு இருக்கேன்.”

என் நிறுத்தம் வந்தது. நான் எழவில்லை.

“இன்னாத்துக்கு?” என்றார் மற்றவர்.

“எனக்கு நைட் ஷிப்டு. காலைல அவ கார்மெண்ட்ஸுக்குப் போய்ட்டா கொழந்த என்கிட்ட தூங்காது. மூணு மாசக் கொழந்தைக்கு மூஞ்சியவிட அம்மா வாசனதான் தெரியும்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஒரு நைட்டிய தோய்க்காம வெச்சிட்டுப் போன்னேன்.”

“தூங்குச்சா?”

“அஞ்சே நிமிஷம்.”

“அப்புறம் இன்னா கவல?”

“நேத்து சாயங்காலம் அவ வந்து அதே நைட்டிய போட்டா. கொழந்த மோந்து பாத்துட்டு, என்னைத் தேடி அழுவுது.”

“அவ இன்னா சொன்னா?”

மீசைக்காரர் தன் சட்டைக் காலரைத் தடவிக்கொண்டார்.

“இந்தச் சட்டைய தோய்க்கக் கூடாதாம். அவ போட்டுக்கணுமாம்.”