எட்டு நிமிஷ வேலை

கம்ப்யூட்டரின் நினைவகப் பட்டையை, அதாவது ரேமை, துடைக்க ரப்பர்தான் நல்லது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற சாதாரண ரப்பர். சில பேர் அதற்கென்று பாட்டில் பாட்டிலாகத் திரவம் வாங்குகிறார்கள், வெட்டிச் செலவு. பட்டையின் விளிம்பில் தங்க நிறத்தில் பற்கள் வரிசையாக இருக்கும்; ஒரே திசையில் நாலு தடவை தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். உங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோதும் அதைத்தான் செய்தேன். உட்காருங்கள், நின்றுகொண்டே கேட்க வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டரையும் கீழே இறக்கி வையுங்கள், கனம்.

பக்கத்துத் தெருக் கம்ப்யூட்டர் கடைக்காரர் உங்களிடம் சொன்னது சரிதான். உங்கள் அண்ணன் இதன் பாகங்களைத் தானே பார்த்துப் பார்த்துப் பூட்டியிருக்கிறார். விளையாட்டு தடங்கலில்லாமல் ஓட வேண்டும் என்று, ரேமுக்கு விதித்த வேகத்துக்கு மேலே முடுக்கி வைத்திருந்தார். அந்த வயசில் எல்லோரும் செய்வதுதான். புதுசில் தாங்கியது. விபத்தில் அவர் போன பிறகு கவனிக்க ஆளில்லை, தூசி அடைத்து சூடு ஏறி, ரேம் தப்புப் பண்ண ஆரம்பித்தது. திடீர் திடீரென்று நீலத் திரை, தானாக அணைவது, தானாக எழுவது. வேகத்தைப் பழைய அளவுக்குக் குறைத்தால் தீர்ந்தது கதை. பத்து நிமிஷ வேலை என்று அவர் சொன்னாராமே. எனக்கு எட்டு நிமிஷம் போதும்.

முதல் நாளே எனக்குத் தெரியும். ரேம் சோதனை ஓடவிட்டேன், இருபது நிமிஷத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள், வரிக்கு ஒரு பிழை. அக்கா கதவுப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். உங்கள் அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், வித்தியாசமாக நினைக்காதீர்கள். "என்ன வேணா பண்ணுங்க தம்பி, அவன் குரல் மட்டும் போயிடக் கூடாது" என்றார்.

அப்போதுதான் அந்தப் பதிவுகளைப் பற்றித் தெரிந்தது. உங்கள் அண்ணன் விளையாடிக்கொண்டே பேசிப் பதிந்தவை, நாற்பத்து மூன்று. இணையத்தில் போட வெட்கப்பட்டு, இன்னும் நன்றாக வரட்டும் என்று ஒன்றைக்கூடப் போடாமல் வைத்திருந்தாராம். எல்லாமே "வணக்கம் மக்களே, நான் உங்க தூங்குமூஞ்சி" என்று ஆரம்பிக்கும். கேட்க ஒரு மனுஷர் இல்லை, ஆனாலும் மக்களே. ஒன்றில் நடுவே திரும்பி, "அம்மா, கதவ சாத்தும்மா, ரெக்கார்டிங் போகுது" என்பார். அக்கா அந்த இடம் வந்தால் சிரித்துவிட்டு, "சாத்திட்டேன்டா" என்று திரைக்குப் பதில் சொல்வார். தினமும் சொல்வார். நீங்கள் வெளியூரில் வேலையாக இருந்தீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள்.

அன்றைக்கு நான் வேகத்தை முழுசாகக் குறைக்கவில்லை. ஒரு படி குறைத்தேன். ஏன் என்றுதானே கேட்கிறீர்கள். நான் என் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறேன். சாப்பாட்டை மூடி படிக்கட்டில் வைத்துவிடுவார்கள். ஆறிப் போயிருக்கும், குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் ஆயிரம் வேலை. உங்கள் வீட்டில் நான் பட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப்டீங்களா தம்பி?" என்றார். பதில் சொல்லும் வரை அங்கேயே நின்றார். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றியது.

எட்டாம் நாள் போன் வந்தது. போனேன். வேகத்தை ஒரு படி ஏற்றி, இன்னொரு அமைப்பைக் கொஞ்சம் தளர்த்தி, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தாங்குகிற மாதிரி அமைத்தேன். அது அவ்வளவு சுலபம் இல்லை. கெட்டுப் போகவும் கூடாது, சரியாகவும் கூடாது. அந்தக் கடைக்காரரால் முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். காசும் வாங்கவில்லை, அதை மட்டும் தப்பாகப் பேச வேண்டாம்.

ஆறாவது சனிக்கிழமை அக்கா வாசலுக்கே வந்து, "என்ன லேட்டு? நீ வருவேன்னு அடுப்புல வச்ச டீ ஆறிப்போச்சு" என்றார். அதுவரை நீங்க. அன்றைக்குத்தான் முதல் தடவை நீ. வீட்டுக்குத் திரும்பும்போது அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பதிவுகள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று அக்காவுக்குப் பயம். நான் ஒரு வழி சொன்னேன். வாரா வாரம் எல்லாவற்றையும் புது போல்டருக்கு நகல் எடுத்து, பழையதை அழித்துவிடலாம் என்று. கேட்க நல்ல யோசனை மாதிரித்தான் இருக்கும். ஆனால் நகல் எடுக்கும்போது ஒவ்வொரு பதிவும் ரேம் வழியாகத்தான் போய் வரும். தப்புப் பண்ணுகிற ரேம் வழியாகப் போனால் அங்கங்கே ஒரு துளி மாறித்தான் வெளியே வரும். முதல் மாதம் அதை நான் யோசிக்கவில்லை என்று சொல்லலாம். யோசித்தேன்.

முதலில் லேசான கடகட சத்தம். அப்புறம் வார்த்தை நடுவில் குரல் அறுந்தது, இழுத்தது. ஒரு சனிக்கிழமை அக்கா ஸ்பீக்கர் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "அவனுக்கு மூச்சு வாங்குது தம்பி. உடம்புக்கு முடியல போல. சரியாயிடுமா?" என்று கேட்டார். டாக்டரிடம் கேட்கிற மாதிரி கேட்டார். என்னிடம் அதுவரை யாரும் அப்படி எதையும் கேட்டதில்லை. "முடிஞ்சத பாக்கறேன்க்கா" என்றேன். உங்களிடம் போனில் "அண்ணனுக்கு உடம்பு சரியில்ல" என்று சொன்னாரே, நீங்கள் பதறிப் போய் லீவு கேட்டீர்களே, அது அந்த வாரம்தான். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தீர்கள். இல்லை. அவர் காதில் கேட்டதைத்தான் சொன்னார்.

பிறகு வாரா வாரம் மோசமானது. சில பதிவுகள் திறக்கவே இல்லை. திறந்தவற்றிலும் வணக்கம் மக்களே வருவதற்குள் அவர் படுகிற பாடு கேட்கச் சகிக்காது. அந்தக் கதவு சாத்துகிற இடம் கடைசி வரை பிழைத்திருந்தது. அதுவும் ஒரு நாள் வெறும் இரைச்சலாகிவிட்டது. அக்கா அன்றைக்கும் "சாத்திட்டேன்டா" என்றார், ரொம்ப மெதுவாக. அப்புறம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும் தம்பி. அவன் ரெண்டாவது தடவ சாகறத என்னால பாக்க முடியாது. எல்லாத்தையும் அழிச்சிடு" என்றார்.

அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார், பெற்ற பிள்ளை மேல் சாய்கிற மாதிரி. அந்த நேரத்தில் என் மனசு நிறைந்திருந்தது என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். நிறைந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. கேட்கப் பதிவு இல்லை, கம்ப்யூட்டரைப் போடுவதே இல்லை, எதற்குக் கூப்பிடுவார். மூன்று சனிக்கிழமை உங்கள் தெரு முனை வரை வந்து திரும்பினேன். ஜன்னல் மூடியே இருந்தது. அவர் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

அழித்ததை மீட்க முடியாது என்று அந்தக் கடைக்காரர் சொன்னாரா? சரிதான், முடியாது. மீட்டாலும் அந்தச் சிதைந்த குரல்தான் வரும். ஆனால் எந்தக் கம்ப்யூட்டரிலும் கைவைக்கும் முன்னால் டிஸ்க்கைக் கழற்றி, என் கம்ப்யூட்டரில் மாட்டி, ஒரு நகல் எடுத்துவிடுவது என் வழக்கம். தொழிலில் ஒழுங்கு வேண்டும். முதல் நாளே எடுத்தேன். நாற்பத்து மூன்றும் என்னிடம் இருக்கின்றன. ஒரு பிசிறு கிடையாது.

ஆமாம், அக்கா ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்த்தபோதும் இருந்தன. அழிக்கச் சொல்லி அழுதபோதும் இருந்தன. என் பையிலேயே இருந்தன.

என் அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு கேட்பேன். கொஞ்ச நாளாக அவற்றிலும் மூச்சு வாங்குவது போல் கேட்கிறது. வணக்கம் என்று ஆரம்பித்துவிட்டு, மக்களே என்பதற்கு முன்னால் அவர் நிறுத்தி, நான் இருக்கிறேனா என்று பார்க்கிற மாதிரி. கோப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன், ஒரு பிழை இல்லை. என் ரேமையும் சோதித்தேன். நாலு மணி நேரம் ஓடியது, ஒரு சிவப்பு வரிகூட வரவில்லை. பற்களைத் துடைத்து மாட்டிவிட்டு மறுபடி கேட்டேன். மூச்சு வாங்கியது.

கையை நீட்டாதீர்கள். தரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் நாற்பத்து மூன்றையும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொட்டினால் அக்கா தாங்க மாட்டார், உங்களைவிட எனக்கு அவரைத் தெரியும். வாரத்துக்கு ஒன்று, அதுதான் அவர் உடம்புக்கு நல்லது. முதலாவதை இந்தச் சனிக்கிழமை நானே கொண்டுவந்து போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.