ப்ளஸ் டூ

இல்லீங்க சார், அந்த செஸ் போர்டு சும்மா அழகுக்கு வெச்சது இல்ல. எங்க ஃபேக்டரி டோர்னமென்ட்ல நான்தான் சாம்பியன். உக்காருங்க, ஏன் எழுந்திருக்கறீங்க? பொண்ணு பாக்க கல்லாவியிலருந்து இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, காபி ஆறிப் போவுது பாருங்க. மோகன்குமார் தம்பி, பஜ்ஜி எடுத்துக்கப்பா. உள்ள பொம்பளைங்க தலை சீவி விட்டுக்கிட்டு இருப்பாங்க. வந்துருவா.

தம்பி செஸ் ஆடுவாரா? தெரியாதா? நல்லது. ரொம்ப நல்லது. ஆடத் தெரியும்னு ஒருத்தன் வந்தான் சார், தை மாசம், இதே சோபாவுல உக்காந்தான். கௌதம்னு பேரு. எலக்ட்ரானிக் சிட்டியில சாஃப்ட்வேர் வேலை. தெனமும் ஜூஜுவாடி செக்போஸ்ட் தாண்டி பெங்களூரு போயிட்டு வர்ற திமிரு மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கும். ஒரு ஆட்டம் போடலாமா அங்கிள்னான். போட்டோம்.

கடைசியில ரெண்டு ராஜா, மிச்சமெல்லாம் சிப்பாய்ங்க. அவனுக்கு ரெண்டு சிப்பாய் எச்சா. எச்சாதான், நான் இல்லேங்கல. ஆனா அது ரெண்டும் அவனோட சிப்பாய்ங்க பின்னாலயே மாட்டிக்கிட்டு நிக்குது. மத்ததெல்லாம் இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் மூஞ்சிக்கு மூஞ்சி முட்டிக்கிட்டு நிக்குது. ராஜா நுழைய ஒரு சந்து இல்ல. செவுரு சார், செவுரு! டிரா தம்பின்னேன். கேக்கறானா? பையிலருந்து லேப்டாப்பை எடுத்து, பஜ்ஜித் தட்டைத் தள்ளி வெச்சுட்டு, அதுல இருக்கற செஸ் புரோகிராம்ல இதே மாதிரி அடுக்கிப் பாக்கறான். ப்ளஸ் டூ அங்கிள், நான்தான் ஜெயிக்கிறேங்கறான்.

என்ன ப்ளஸ் டூவா? அந்த மிஷினு போடற மார்க்கு சார். ரெண்டு சிப்பாய் அளவுக்கு அவன் கை ஓங்கியிருக்குதாம். தலையை எண்ணி மார்க் போடுது, முண்டம். எந்தச் சிப்பாய் மொதல்ல ஓடிப்போய் ராணியாகும்னு கேளுங்க, நம்மள விட நல்லாச் சொல்லும். அது ஓட்டக் கணக்கு. இங்க ஓடவே எடமில்லையே! எத்தனை தடவை ராஜாவை முன்னயும் பின்னயும் நகத்தினாலும் அதே செவுருதான். மனுசனுக்கு ஒரு பார்வையில தெரியுது. அதுக்குத் தெரியாது, ஒவ்வொரு மூவுக்கும் ப்ளஸ் டூ, ப்ளஸ் டூங்குது. இவனும் அதை நம்பி, ரெண்டாவது காபி வர்ற வரைக்கும் ராஜாவை மேய்க்கிறான்.

எனக்கு சிரிப்பு தாங்கல. ஏம்ப்பா, நீ ப்ளஸ் டூவோடயே நின்னுட்டியா, அதுக்கு மேல ஒண்ணும் மண்டையில ஏறலையான்னு கேட்டுட்டேன். அப்பப் பாத்து அவங்கம்மா சமையக்கட்டுலருந்து வர்றாங்க, காதுல அது மட்டும் உழுந்துருக்கு. எம்புள்ள பி.இ. கோல்டு மெடல், யாரைப் பாத்து பன்னெண்டாவதுங்கறீங்கன்னு ஒரே சத்தம். வெளக்கிச் சொல்லியிருக்கலாமா? நான் எதுக்கு சார் வெளக்கணும்? மெடலு வாங்கியும் செவுரு தெரியலையேன்னு இன்னும் நல்லாச் சிரிச்சேன். எழுந்து போயிட்டாங்க.

மணி பாக்கறீங்களே, நேரமாவுதுங்களா? இருங்க சார். ஏய் சுஜாதா, உம்பொண்ணு என்னாச்சு?

அதுவா, அது கதவு தட்டற சத்தந்தான். சரி, சொல்லிடறேன், தலை சீவறதெல்லாம் ஒண்ணும் இல்ல. எம்பொண்ணு சுப்ரியா உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. அந்த கௌதமைத்தான் கட்டிக்குவாளாம். அன்னையிலருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல. எனக்கு சோறு எறங்கல சார், ஒரே பொண்ணு. நான் என்ன குறுக்கயா நின்னேன்? எறங்கிப் போய் நானே அவனுக்கு ஃபோன் போட்டேன். மரியாதையாத்தான் பேசினான். ஆட்டம் டிராதான் அங்கிள், நீங்க சொன்னது கரெக்ட்டுன்னான். பொண்ணும் ரொம்பப் புடிச்சிருக்குன்னான். மாமனார்தான் புடிக்கலையாம்.