தலைவர் நீந்திய ஆறு

— இதுலயும் இல்லையா? நல்லாப் பாருங்கம்மா. தலைவர் வெள்ளத்துல ஆத்தை நீந்திக் கடந்தாருன்னு ஒரே ஒரு வரி இருந்தாலும் போதும்.

— செயலாளர் சார், அவரைப் பத்தி நம்ம நூலகத்துல இருக்கிறதை எல்லாம் மேசையில பரப்பிட்டேன். இதுக்கு மேல ஆத்தை நான் திருப்பியா விட முடியும்?

— கோவிச்சுக்காதீங்க. அதாவது பாருங்க, எங்க தலைவர் மன்றத்துக்குப் பெரியவங்க படிக்கிற மாதிரி ஒரு புத்தகம் வேணும், என் பொண்ணுக்குப் படம் போட்டு ஒண்ணு. ரெண்டுலயும் அந்த ஆறு வரணும், அவ்வளவுதான். அந்தக் குண்டுப் புத்தகம் என்ன?

— தலைவர் கூடவே இருந்த டாக்டர் எழுதினது. பெரியவங்க கேட்டா முதல்ல இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். வெறும் புகழ்ச்சி இல்லை. அவரோட கோபம், பிடிவாதம், பண்ணின தப்பு எல்லாம் இருக்கும். ஆறும் இருக்கு.

— அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க. படிங்க, படிங்க.

— "தலைவருக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரைக் கண்டாலே பயம். வெள்ளத்தன்று படகில் ஏறியவர், அக்கரை சேரும்வரை என் கையை விடவே இல்லை."

— என்னம்மா சொல்றீங்க?

— பிள்ளைங்க புத்தகத்துலயும் அதேதான். இந்தப் படத்தைப் பாருங்க, கண்ணை இறுக்கி மூடிட்டு டாக்டர் கையைப் பிடிச்சிருக்கார். சின்னப் பசங்களுக்கு இந்தப் பக்கம்னா உயிர். அவ்வளவு பயத்தையும் வச்சுக்கிட்டு, மாட்டிக்கிட்ட ஜனங்களுக்காகப் படகுல ஏறினாரேன்னு.

— நான் மேடைமேடையா அவரை நீந்த விட்டிருக்கேனேம்மா...

— உங்களுக்கு யார் சொன்ன கதை அது?

— யாரும் சொல்லலை. முதல் கூட்டத்துல மைக்கைப் பிடிச்சேன், மண்டையில ஒண்ணுமே இல்லை. வாயில அந்த ஆறு வந்துச்சு. கைதட்டுனாங்க. அடுத்த கூட்டத்துல ஒரு முதலையையும் விட்டுட்டேன்.

— முதலையா!

— சிரிச்சிடுங்க, பரவாயில்லை. முதலைக்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி.

— அவரைப் பத்தி ஒரு புத்தகம்கூடப் படிச்சதில்லையா சார்?

— எத்தனையோ பேருக்குப் பரிசாக் கொடுத்திருக்கேன். ஜிகினாத் தாள் சுத்தி, ரிப்பன் கட்டி. பிரிச்சுப் பார்த்ததில்லை.

— சரி, இத்தனை நாள் இல்லாம இப்ப எதுக்கு ஆதாரம்?

— பொண்ணு பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில அதைப் பேசிட்டா. முதலையோட. நடுவர் பாதியில நிறுத்தி, "இது எந்தப் புத்தகத்துலம்மா இருக்கு?"ன்னு கேட்டாரு. "எங்க அப்பா சொன்னாரு, அவர் தலைவர் மன்றத்துச் செயலாளர்"னு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுச் சொன்னா. சொன்னதும் அரங்கமே சிரிச்சுது.

— நீங்க அங்க இருந்தீங்களா?

— இருந்தேம்மா. கடைசி வரிசையில. எழுந்து, "தப்பு என்னுது, குழந்தையை விட்டுடுங்க"ன்னு சொல்லியிருக்கணும். குனிஞ்சு செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரி உக்காந்துட்டேன். மேடையில அவ உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறா. நான் செருப்பைப் பார்த்துட்டு இருக்கேன்.

— அய்யோ.

— வீட்டுக்கு வர்ற வழியில, "அது எந்தப் புத்தகம்ப்பா?"ன்னு மட்டும் கேட்டா. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? "நூலகத்துல இருக்கு கண்ணு, எடுத்துட்டு வரேன்"னேன். நாக்கு அப்படிப் பழகிப்போச்சு.

— இந்த ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க சார். படகுப் படத்தை அவ பக்கத்துல உக்காந்து காட்டுங்க. மத்தது தானா வரும்.

— அந்த மூஞ்சியைப் பார்த்து எப்படிம்மா சொல்வேன்? உலகத்துல அவ நம்பறது என்னை ஒருத்தனைத்தான். அதாவது பாருங்க... எனக்காக ஒண்ணு பண்றீங்களா? அவ இங்க வந்து கேட்டா, "அப்படி ஒரு புத்தகம் இருந்துச்சு, தொலைஞ்சு போச்சு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

— அவ நேத்தே வந்துட்டா சார். இதே நாற்காலியில உக்காந்து எல்லாத்தையும் புரட்டினா. போறப்ப, "அப்பா வந்து தேடுவாரு அக்கா, அது தொலைஞ்சு போச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க, பாவம்"னு சொல்லிட்டுப் போனா.